உடையும் ஒழுக்கமும்

அரபு மத்ரஸாக்களில் ஃபிக்ஹு ஓதியவர் எவரும் ஹிதாயா நூலில் உடை பற்றிய பாடத்தைக் கடந்தே வந்திருப்பர். ஆடவர்க்குப் பட்டு ஆகாது. எனினும் பாவு பட்டாகவும் ஊடை பருத்தி போன்ற வேறு நூலாகவும் அமைந்த துணியை அவர்கள் அணியலாம் என்பது அங்கு கூறப்படும் சட்டம். பாவுக்கு அரபியில் ‘ஸதா’ என்று பெயர். ஊடைக்கு ‘லுஹ்மா’ என்று பெயர். நாம் ஓதிய நாளில் இவ்விரு சொற்களையும் உருப்போட்டோம். பின்னர் ஆண்டுகள் பல மாணவர்க்கு ஓதியும் கொடுத்தோம். ஆனால், ஸதா எது, லுஹ்மா எது, ஊடையை வைத்துச் சட்டம் சொல்வானேன் என்பது நம் கண்ணுக்குப் புலனான இடம் மத்ரஸா அன்று. ஐயம்பேட்டைத் தறிக்கூடம் ஒன்றே அது.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் உள்ள பட்டு நெசவூர் ஐயம்பேட்டை. முன்பு தெருதோறும் கேட்ட தறியொலி இன்று குறைந்துவிட்டது. எனினும் அற்றுப் போகவில்லை. அங்கே நமக்கு நெடுநாள் அறிமுகமான நெசவாளர் ஒருவர் உண்டு. குழிக்குள் காலை வைத்து அமர்ந்து மிதியை மிதித்து நாடாவை ஓட்டிக்கொண்டே நம்முடன் பேசுவார். பாவு முன்னும் பின்னும் இழுத்துக் கட்டப்பட்டு அசையாமல் நிற்கிறது. ஊடையோ நாடாவினுள் இருந்து இடமும் வலமும் ஓடி ஓடி அப்பாவைத் துணியாக்குகிறது. பாவு மட்டும் இருந்தால் அது வெறும் நூற்கற்றை. ஊடை ஓடிய பிறகே அதற்குத் துணி என்று பெயர். சட்ட நூலார் ஊடையைக் கணக்கில் கொண்டதன் காரணம் இதுவன்றோ!

ஒருநாள் அவர் கேட்டார்: “பாய், இத்தனை பட்டு நெய்கிறோம். உங்கள் வீட்டுப் பெண்கள் வாங்கிக் கட்டுகிறார்கள். ஆண்கள் மட்டும் ஏன் தொடமாட்டேன் என்கிறீர்கள்?”

மார்க்கத்தின் விலக்கைச் சொன்னோம். ஆடையின் கரையில் இரண்டு, மூன்று, நான்கு விரல் அகலம் வரை பட்டு இருக்கலாம் என உமர் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் சலுகையையும் சொன்னோம். அவர் தறியில் இருந்த சேலையின் கரைமேல் நான்கு விரல்களை வைத்துப் பார்த்துச் சிரித்தார். “எங்கள் கரை நாலு விரலுக்குள் அடங்காதே, பாய்!” என்றார். பின்பு சற்றே எண்ணி, “அப்படியானால் உங்கள் ஆட்களுக்கு என்று உடுப்பு எது? அரபு நாட்டு அங்கியா? இந்தக் கைலியா?” என்று வினவினார்.

எளிய வினாவே. ஆயினும் அதன் விடையை நம் வீடுகளில் பலர் மறந்து வருகின்றனர். ஆதலால் அவருக்குச் சொன்னதை விரித்து இங்கு எழுதுகிறோம்.

எல்லையும் வடிவும்

உடையைப் பற்றி மார்க்கம் பேசும் இடங்களை எல்லாம் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். மறைக்க வேண்டியதை மறைக்க வேண்டும், உடையால் செருக்குக் கொள்ளலாகாது, வீண் விரயம் கூடாது, தூய்மை வேண்டும், ஆடவர்க்குப் பட்டும் பொன்னும் ஆகா. இவை எல்லைகள். தையல் எப்படி, நீளத்துணியா தைத்த துணியா, நிறம் யாது என்று ஒரே ஓர் உருவத்தை மார்க்கம் உலகம் முழுமைக்கும் விதிக்கவில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, இறையச்சமே சிறந்த ஆடை என்று அல் அஃராஃப் அத்தியாயம் உணர்த்துகிறது.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உடையைப் பற்றிய செய்திகளும் இதையே காட்டும். அவர்கள் இடையில் இஸார் என்னும் தைக்காத துணியும் தோளில் ரிதா என்னும் மேல்துணியும் அணிந்தார்கள், கமீஸை விரும்பினார்கள், யமன் நாட்டுக் கோடிட்ட துணியையும் விரும்பினார்கள். பயணம் ஒன்றில் உரோமரின் ஆட்சியிலிருந்த ஷாம் நாட்டு ஜுப்பாவை அணிந்திருந்ததும், அதன் கை இறுக்கமாக இருந்ததால் ஒளூச் செய்யும்போது கையை அடிப்பக்கமாக வெளியே எடுத்ததும் ஹதீஸ் நூல்களில் வருகின்றன. இன்று எந்த ஜுப்பாவை அரபுகளின் தனிச்சொத்து என்று நம் இளைஞர் எண்ணுகின்றனரோ, அது அன்று பிற நாட்டிலிருந்து வந்த உடுப்பாக இருந்தது!

இஸாரும் கைலியும்

இனிக் கைலிக்கு வருவோம். வடதமிழகத்தில் லுங்கி என்பர். தெற்கிலும் இலங்கையிலும் சாரம் என்பர். நம்மவரிடையே கைலி என்ற பெயரே பெருவழக்கு. இடையில் சுற்றிக் கட்டும் துணி என்ற அளவில் இது இஸாரின் இனமே.

மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1330க்கு அண்மையில் தென் அரேபியக் கடற்கரை ஊராகிய ஸஃபாருக்குச் சென்றார். இன்று அது ஓமான் நாட்டைச் சேர்ந்தது. அவ்வூரார் இந்தியாவிலிருந்து வரும் பருத்தித் துணியையே உடுத்தினர் என்றும், காற்சட்டைக்கு மாற்றாக ‘ஃபூத்தா’ என்னும் துணியை இடையில் கட்டினர் என்றும், வெப்பத்தின் கடுமையால் பலர் இடையில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாகத் துணி அணிந்தனர் என்றும் அவர் எழுதி வைத்துள்ளார். ஆம்! அரபு மண்ணில் பிறந்த முஸ்லிம்களே இந்தியத் தறியில் நெய்த துணியை இடையில் கட்டிக் கொண்டு தொழுதிருக்கின்றனர். நம் கைலி மார்க்கத்துக்கு அந்நியம் என்போர் இவ்வரலாற்றை அறிதல் நன்று.

நம் கரையிலிருந்து கிழக்கே சென்ற துணியின் வரலாறு இன்னும் சுவையானது. சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613ஆம் ஆண்டில் கெல்திரியா என்ற கோட்டையைக் கட்டினர். 1690இல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடத்தை மாற்றும் வரை அவர்களின் சோழமண்டல வாணிபம் அங்கிருந்தே நடைபெற்றது. அவ்வழியே கட்டம் போட்ட பருத்தித் துணிகள் மலாய் நாடுகளுக்கும் சாவகத்துக்கும் கப்பலேறின. இன்றும் மலாய் மக்கள் வீட்டிலும் பள்ளிவாசலிலும் உடுத்தும் கட்டம் போட்ட துணிக்குக் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். காயின் என்றால் துணி. பெலிக்காட் என்பது பழவேற்காட்டின் பெயரே. ஊரின் பெயரை ஊரார் மறந்தாலும் உடை மறக்கவில்லை! இந்நாளில் குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் நெய்யப்படும் கைலிகள் அந்த நெடிய மரபின் பிள்ளைகள்.

மடித்துக் கட்டலும் இறக்கி விடலும்

உடை என்பது துணி மட்டும் அன்று. அதை உடுத்தும் முறையிலும் ஒரு மொழி உண்டு. மலையாளக் கரையில் மாப்பிள்ளைமார் முண்டின் தலைப்பை இடப்பக்கமாகக் கட்டுவர். ஏனையோர் வலப்பக்கம் கட்டுவர். கண்டவுடன் இன்னார் எனத் தெரியும். தெரிந்த பின்னும் ஒரே சந்தையில் ஒன்றாக நின்று வாணிபம் செய்வர்.

நம் தமிழ்நாட்டில் எச்சமயத்தாரும் அறிந்த மரியாதை ஒன்று உண்டு. வேலை செய்யும்போதும் நடக்கும்போதும் கைலியையோ வேட்டியையோ முழங்காலளவு மடித்துக் கட்டியிருப்போம். எதிரே பெரியவர் வந்தால், ஆசிரியர் வந்தால், கை தானே கீழே சென்று மடிப்பை அவிழ்த்து விடும். யாரும் பாடம் நடத்திக் கற்பித்ததில்லை. ஒரு சொல்லும் பேசாமல் ‘தங்களை மதிக்கிறேன்’ என்று சொல்லும் மொழி அது. பள்ளிவாசலில் கைலியைக் கணுக்காலுக்கு மேலாக நிறுத்துவதும், தெருவில் பெரியவர் முன் அதை இறக்கி விடுவதும் ஒரே பணிவின் இரு முகங்கள்.

இதைப் போன்றே பிற பழக்கங்களும். வீட்டில் நுழைகையில் ஸலாம். பெரியவர்க்குக் கைகொடுத்து முஸாபஹா. விருந்தினர் அமரப் பாய் விரித்தல். பத்தமடையில் லெப்பைமார் குடும்பங்கள் நெய்த கோரைப் பாய் நம் வீட்டு மரியாதையின் பகுதியாகவே இருந்தது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் விருந்து என்றால் ஸஹன் சாப்பாடு. ஸஹ்ன் என்பது தட்டைக் குறிக்கும் அரபுச் சொல். ஒரே தட்டைச் சுற்றிச் சிலர் அமர்ந்து உண்பர். தட்டில் செல்வருக்கு ஒரு பக்கம், ஏழைக்கு ஒரு பக்கம் எனப் பிரிவு இல்லை. அதே திருமண வீட்டின் வாயிலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்து வரவேற்பர். மணமகளுக்குக் கருகமணி கட்டுவர். இவ்வழக்கங்களை அண்டை வீட்டுத் தமிழரோடு நாம் பகிர்ந்து கொண்டோம். தட்டின் பெயர் அரபி. சந்தனத்தின் மணம் தமிழ்மண்ணுடையது. இரண்டும் ஒரே பந்தலில் இசைந்தே இருந்தன.

வெள்ளைத் துப்பட்டி

நம் அன்னையர் வெளியே செல்கையில் வெள்ளைத் துப்பட்டியால் தலை முதல் உடலைப் போர்த்திச் சென்றதை ஐம்பதைக் கடந்தவர் அனைவரும் கண்டிருப்பர். தெருவில் வரும் வெள்ளை உருவத்தைக் கண்டதும் ஆடவர் ஒதுங்கி வழி விடுவர். அடுத்த தலைமுறையில் அதன் இடத்தைக் கருநிறப் பர்தா பெற்றது. வளைகுடா நாடுகளில் உழைக்கச் சென்றோர் அனுப்பியவையும், கடைகளில் தைத்தே கிடைத்தவையும், நடக்கவும் பேருந்தில் ஏறவும் அவை வசதியாக இருந்தமையும் இதற்குக் காரணங்கள் எனலாம். இரண்டுமே எல்லையைப் பேணும் உடைகள்தாம். ஆதலால் ஒன்றை உடுத்துவோர் மற்றொன்றை உடுத்தியவரைக் குறைவாக எண்ண இடமில்லை. வெள்ளைத் துப்பட்டியில் வாழ்ந்து மறைந்த நம் பாட்டிமாரின் நாணமும் இறையச்சமும் நிறத்தில் இருந்தனவா என்ன?

உடையைக் கட்டளையால் மட்டும் மாற்ற முயல்வோர்க்கும் இப்னு பதூதாவின் நூலில் ஒரு பாடம் உண்டு. 1340களில் அவர் மாலத்தீவில் காஜியாகப் பணியாற்றினார். அங்கே பெண்கள் இடையிலிருந்து பாதம் வரை ஒரு துணி மட்டுமே உடுத்தினர். தீவார் தொழுகையிலும் மார்க்கப் பற்றிலும் சிறந்தவர்கள் என்று அவரே புகழ்கிறார். அவர்களை மேலாடை அணியச் செய்ய அவர் பெரிதும் முயன்றார். தம் வழக்கு மன்றத்துக்கு வருவோர் உடலை மறைத்தே வரவேண்டும் என்பதை மட்டும் அவரால் நிலைநாட்ட முடிந்தது. அதற்கு அப்பால் இயலவில்லை என ஒப்புக்கொள்கிறார். பின்னாளில் அத்தீவுகளின் பெண்கள் முழு உடை அணிந்தனர். ஆனால் அது ஒரு காஜியின் ஆணையால் ஒரே நாளில் விளைந்ததன்று.

கொழும்பு நீதிமன்றத்துக் குல்லா

அணியச் சொல்லி வற்புறுத்துதல் ஒரு வகை. அணியாதே எனத் தடுத்தல் மற்றொரு வகை. தடுப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்பதற்குத் தென்கோடியில் நிகழ்ந்த தோள்சீலைப் போராட்டமே சான்று. திருவிதாங்கூர் ஆட்சியில் நாடார் குலப் பெண்கள் தோளை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் அடியும் அவமானமும் தாங்கிப் போராடினர். 1859ஆம் ஆண்டு ஜூலை 26இல் வெளியான அரசாணை அவர்கள் மார்பை மறைக்க இசைவு தந்தது. அப்போதும் மேற்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்ற தடையை விடவில்லை. ஒரு முழத் துணிக்காகவா இத்தனை போராட்டம் எனக் கேட்பவர், உடையில் மானம் தங்கியிருப்பதை அறியாதவர்.

நம் சமுதாயத்தின் வரலாற்றிலும் அத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1905ஆம் ஆண்டில் கொழும்பு உச்ச நீதிமன்றத்தில் முஸ்லிம் வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் வழக்காட எழுந்தார். தலைமை நீதிபதி சர் சார்லஸ் லேயார்ட் தொப்பியுடன் வழக்காட இசையவில்லை. இங்கே இரண்டு மரியாதைகள் மோதிக் கொண்டன என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். ஆங்கிலேயர்க்குத் தலையைத் திறப்பது மரியாதை; நமக்கோ தலையை மூடுவது மரியாதை. அவர் தொப்பியைக் கழற்றி வணங்குவார்; நாம் செருப்பைக் கழற்றி வணங்குவோம். பிறர் மரியாதையைத் தம் அளவுகோலால் அளந்ததே அன்றைய பிழை.

இலங்கை முஸ்லிம்கள் கொதித்தெழுந்தனர், ஆயினும் கல்லெறியவில்லை. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் போன்றோர் முன்னின்று எழுதினர், விண்ணப்பங்கள் அனுப்பினர். அவ்வாண்டு டிசம்பர் 31இல் மருதானைப் பள்ளிவாசல் திடலில் பெருங்கூட்டம் கூடிற்று. முடிவில் முஸ்லிம் வழக்கறிஞர் தொப்பியுடன் மன்றத்தில் தோன்ற இசைவு கிடைத்தது.

இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய நுட்பம் ஒன்று உள்ளது. அச்சிவப்புத் தொப்பி இலங்கையின் பழைய உடுப்பன்று. எகிப்திய விடுதலை வீரர் அஹ்மத் உராபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு வந்தார். 1901 வரை அங்கு வாழ்ந்தார். அவரையும் அவர் தோழர்களையும் கண்டே அத்தொப்பி அங்கே பெருவழக்காயிற்று. துருக்கியிலோ, சுல்தான் இரண்டாம் மஹ்மூது அதை 1829இல்தான் அரசு அலுவலர்க்கு உரிய தலையணியாக்கினார்; தலைப்பாகையின் இடத்தை அது பறித்தது. அதே துருக்கியில் 1925 நவம்பரில் சட்டம் போட்டு அதைத் தடை செய்தனர்! கொழும்பில் எதற்காக ஒரு சமுதாயம் திரண்டதோ, அதை இருபது ஆண்டுகளில் அதன் தாயகமே தள்ளி விட்டது. அப்படியானால் கொழும்பு மக்களின் முயற்சி வீணா? இல்லை. அவர்கள் காத்தது தொப்பியின் வடிவத்தை அன்று; தம் மரியாதை இன்னது என்று தாமே சொல்லும் உரிமையை. வடிவம் மாறும், அவ்வுரிமை மாறாது.

கடல் கடந்த வெள்ளங்கி

அந்த உரிமையும் இல்லாத இடத்தில் என்ன நேரும்? அதற்கு விடை காண நம் துணி சென்ற கடல் வழியிலேயே இன்னும் நெடுந்தொலைவு செல்ல வேண்டும்.

1500ஆம் ஆண்டு ஏப்ரல் 22இல் போர்ச்சுக்கீசியத் தளபதி கப்ரால் பிரேசில் கரையைக் கண்டார். அவர் புறப்பட்டதோ இந்தியாவுக்கு. அக்கரையில் சில நாள் தங்கிவிட்டு அதே கப்பற்படையுடன் அவ்வாண்டு செப்டம்பரில் கள்ளிக்கோட்டைக்கு வந்து முஸ்லிம் வணிகரோடு மோதி, நகரின் மீது பீரங்கியால் சுட்டார். பிரேசில் வரலாறும் நம் கடற்கரையின் துயரமும் ஒரே பயணத்தில் தொடங்கியவை. அப்படையின் எழுத்தர் காமிஞா தம் அரசருக்கு எழுதிய மடல் அந்நாட்டைப் பற்றிய முதல் ஆவணம். அம்மக்கள் ஆடையின்றித் திரிந்ததையும் அதில் நாணம் கொள்ளாததையும் அவர் அதில் வியப்போடு விவரிக்கிறார். ஆக, ஒரு நாட்டைப் பற்றிய முதல் ஏட்டிலேயே உடை இடம் பெற்றுவிட்டது!

போர்ச்சுக்கீசியரின் மொழி பிரேசிலுக்கும் சென்றது. நம் மொழியிலும் தடம் பதித்தது. நாம் சட்டையில் போடும் பொத்தான் அவர்கள் சொல். இலங்கைத் தமிழர் சொல்லும் சப்பாத்து, துவாய், லேஞ்சி ஆகியவையும் அவர்களுடையவையே. அந்த மொழிக்கோ அரபுகள் முன்பே உடுப்பைக் கொடுத்திருந்தனர். பருத்தியை அவர்கள் அழைக்கும் சொல் ‘அல்குத்ன்’ என்பதிலிருந்து வந்தது. தையற்காரரைக் குறிக்கும் சொல் ‘அல்கய்யாத்’ என்பதிலிருந்து வந்தது. பைக்கு நம் முன்னோர் சொன்ன ஜேப்பும், பிரேசிலார் சொல்லும் அல்ஜிபெய்ராவும் ‘ஜைப்’ என்னும் ஒரே அரபுச் சொல்லின் பிள்ளைகள். ‘இறைவன் நாடினால்’ என்று நாம் சொல்வதைப் போல் பிரேசிலார் ஆசை தெரிவிக்கையில் ‘ஓஷலா’ என்பர். அதுவும் அரபியின் எச்சமே. அந்நாட்டுக் குடும்பங்களில் பிள்ளைகள் தாய் தந்தையரிடம் ஆசி கேட்பதும், பெரியவர் ‘இறைவன் உனக்கு அருள்வானாக’ என வாழ்த்துவதும் பழைய வழக்கம். நம் வீட்டுப் படியிலும் கேட்கும் ஒலிதானே இது!

ஆனால் அந்நாட்டின் செல்வம் அடிமைகளின் முதுகில் எழுந்தது. ஐரோப்பியக் கம்பெனிகள் ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை விலைக்கு வாங்கக் கொடுத்த பண்டங்களில் இந்தியத் துணியும் ஒன்று. சோழமண்டலக் கரையில் நெய்தவற்றுள் ‘கினியாத் துணி’ என்றே ஒரு வகைக்குப் பெயர் வைத்திருந்தனர். எந்தத் துணியை நம் நெசவாளர் வயிற்றுப்பாட்டுக்காக நெய்தாரோ, அது அவர் அறியாமலே மனிதனை அளக்கும் முழக்கோலாயிற்று. நெஞ்சு நடுங்கும் செய்தி இது.

அவ்வாறு விற்கப்பட்டுப் பிரேசிலின் பஹியா மாநிலத் தலைநகர் சல்வதோருக்கு வந்தவர்களில் யோருபா, ஹவுஸா இனங்களைச் சேர்ந்த முஸ்லிம்கள் பலர் இருந்தனர். அவர்களை ‘மாலே’ என்று அழைத்தனர். பகலெல்லாம் பிறர் கட்டளைக்கு உழைத்தவர்கள் ஒன்றுகூடும்போது அபதா என்னும் நீண்ட வெள்ளங்கியும் தலையில் குல்லாவும் அணிந்தனர். அரபு எழுத்தைக் கற்றனர். திருமறை வசனம் எழுதிய தாளை மடித்துத் தோலில் தைத்துக் கழுத்தில் அணிந்தனர். தெருவில் அணிய முடியாத அந்த வெள்ளங்கியில், சில நாழிகைகளுக்கேனும் அவர்கள் யாருக்கும் அடிமையாக இல்லை.

1835ஆம் ஆண்டு ஜனவரி 25 விடியலில், ரமலானின் இறுதிப் பத்தில், அவர்கள் விடுதலைக்காகக் கிளர்ந்தெழுந்தனர். ஏறத்தாழ 600 பேர் அதில் பங்கேற்றனர். அன்று வெள்ளங்கி அணிந்தே தெருவில் இறங்கினர். சில மணி நேரத்தில் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. 70 பேர் அளவில் மாண்டனர். பின்னர் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். எத்தனையோ பேர் நூற்றுக்கணக்கில் கசையடி பெற்றனர். பலர் நாடு கடத்தப்பட்டனர். வீடு வீடாகச் சோதனை நடந்தபோது காவலர் குற்றச் சான்றாகக் கைப்பற்றியவை எவை தெரியுமா? அரபு எழுதிய தாள்களும் வெள்ளங்கிகளும்! உடுப்பே குற்றமாகி நின்றது.

அதன் பின் முப்பது ஆண்டுகள் கழித்து, 1866இல், பஸராவுக்குப் புறப்பட்ட உதுமானியக் கப்பல்கள் புயலில் வழி தவறி ரியோ டி ஜெனிரோ துறைமுகத்தை அடைந்தன. அக்கப்பலின் இமாம் அப்துர் ரஹ்மான் அல் பக்தாதி அங்கு கண்டவற்றை அரபியில் ‘முஸல்லியத்துல் கரீப்’ என்ற நூலாக எழுதினார். கப்பலைக் காண வந்த கறுப்பின மக்கள் சிலர் அவருக்கு ஸலாம் சொன்னார்கள். பேச அவர்களுக்கு அரபி தெரியாது; உடையால் அவர்களை அடையாளம் காணவும் வழியில்லை. அச்சத்தால் மார்க்கத்தை மறைத்தே வாழ்ந்தார்கள். ஆயினும் ஸலாம் மட்டும் நாவில் உயிரோடு இருந்தது. இமாம் கப்பலோடு திரும்பவில்லை. சில ஆண்டுகள் தங்கி ரியோவிலும் சல்வதோரிலும் ரெசிஃபேயிலும் அவர்களுக்கு மார்க்கம் கற்பித்தார். பிரேசிலில் அடிமை முறை 1888 மே 13இல் ஒழிந்தது. இன்றும் பஹியாவில் வெள்ளிக்கிழமை வெண்ணிற ஆடை அணிவோர் பலர். ஆப்பிரிக்க மரபு வழிபாட்டின் வழக்கம் அது என்பர். முஸ்லிம்களின் ஜுமுஆ வழக்கமும் அதில் கலந்துள்ளது எனக் கருதுவோரும் உண்டு.

லுஹ்மா

இவ்வளவும் சொல்ல நம்மைத் தூண்டியது நம் குடும்பத்திலேயே நிகழ்ந்த ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் நம் உறவினரான முதியவர் ஒருவரோடு ஓரிடத்துக்குச் சென்றோம். அவர் துவைத்து மடிப்புக் கலையாத கைலியும் வெள்ளைச் சட்டையும் உடுத்தியிருந்தார். வாயிலில் நின்றவர், கைலியோடு உள்ளே விடுவதில்லை என்று தடுத்தார். முதியவர் சினம் கொள்ளவில்லை. புன்னகையோடு திரும்பி விட்டார். மறுநாள் அவர் பேரன், “நன்னா, இனி வெளியே வரும்போது கைலி கட்டாதீர்கள், எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது” என்றான். வாயிற்காவலன் தடுத்தபோது வாடாத முகம் அப்போது வாடிற்று. அதே மாதத்தில் பள்ளிவாசலில் இளைஞர் ஒருவர் அவரிடம், “கைலி சுன்னத்தான உடை இல்லை, ஜுப்பா அணியுங்கள்” என்று அறிவுரை சொன்னார். ஒரு பக்கம் நாகரிகத்தின் பெயரால், மறு பக்கம் மார்க்கத்தின் பெயரால், வாழ்நாள் முழுதும் கைலியில் தொழுத ஒரு மனிதரை நாமே கூனிக் குறுகச் செய்தோம்.

பேரனும் தீயவன் அல்லன். அந்த இளைஞரும் தீயவர் அல்லர். இருவரும் வடிவத்தைக் கண்டார்கள்; அதை உடுத்தியிருந்த மனிதரைக் காணத் தவறினார்கள். காற்சட்டை அணியட்டும், ஜுப்பா அணியட்டும். எல்லை பேணப்படும் வரை தடையேதும் இல்லை. ஆனால் நாம் மாற்றிக் கொண்ட உடையைக் கொண்டு மாற்றாதவரை அளக்கத் தொடங்கினால், கொழும்பு நீதிபதிக்கும் நமக்கும் வேறுபாடு யாது? வெள்ளங்கியைக் குற்றச்சான்றாக எடுத்துச் சென்ற காவலரின் பார்வையில் ஒரு துளி நம் கண்ணிலும் விழுந்து விட்டதோ என அஞ்சுகிறோம். சகோதரர்களே, பிள்ளைகளுக்கு எந்த உடையை வாங்கிக் கொடுத்தாலும் கொடுங்கள். தாத்தாவின் கைலிக்கும் பாட்டியின் துப்பட்டிக்கும் உரிய கதையையும் சேர்த்துக் கொடுங்கள். கதை தெரிந்த பிள்ளை கூச்சப்படாது.

இவற்றை எல்லாம் ஐயம்பேட்டை நண்பரிடம் சொன்னோம். ஆப்பிரிக்கக் கரையில் துணி கொடுத்து மனிதரை வாங்கிய செய்தியைக் கேட்டபோது நாடாவை நிறுத்திவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்பு, “நெய்கிறவனுக்குத் துணி எங்கே போகும் என்று தெரியாது, பாய். உடுத்துகிறவர் மனசு நல்லதாக இருக்கணும். அவ்வளவுதான்” என்றார்.

அவருக்கு ஒரு சொல்லைப் பரிசாகத் தந்து வந்தோம். ஊடைக்கு அரபியில் லுஹ்மா என்று பெயர் என முன்பே சொன்னோம் அல்லவா? அதே சொல்லுக்கு உறவு, இரத்த பந்தம் என்றும் பொருள் உண்டு. பாவு அசையாமல் நிற்க வேண்டும். அது மார்க்கம் வகுத்த எல்லை. ஊடை ஊர் ஊராக, நாடு நாடாக ஓடி வரவேண்டும். அது மண்ணும் மக்களும் தந்த வடிவம். இரண்டும் சேர்ந்தால்தான் துணி. அவர் அச்சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு மிதியில் காலை வைத்தார். தறி மீண்டும் ஒலித்தது.

வஸ்ஸலாம்.